குச்சித் தட்டல் நாலு

எங்கள் பேண்டின் பெயர் ஈரச்சுவர். மொத்தம் ஐந்து ஆல்பம். நான்கு ஊத்திக்கொண்டன, ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் விற்றது. ஊத்திக்கொண்ட நான்கிலும் டிரம் வாசித்தவன் நான். விற்ற ஒன்றில் வாசித்தது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

முதல் ஆல்பத்தின் பெயர் ‘மூன்றாவது மாடி’. நாங்கள் ஒத்திகை பார்த்த அறை மூன்றாவது மாடியில் இருந்தது, எங்கள் கற்பனை அவ்வளவுதான். முந்நூறு சி.டி. அடித்தோம், நாற்பத்தொன்று விற்றது. அதிலும் ஒன்பதை என் தங்கை கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியிருக்கிறாள். மீதி அட்டைப்பெட்டிகள் என் டிரம்முக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தன. இரண்டாவது ஆல்பத்தைக் கேட்ட ஒரு பத்திரிகைக்காரர், “இந்த நால்வரில் மூவர் நன்றாக வருவார்கள்” என்று எழுதினார். பெயர் போடவில்லை. நல்ல மனிதர்.

பாடகனுக்கு எங்களிடையே சளி என்று பெயர். வருஷம் பூராவும் மூக்கடைப்பு. அந்த மூக்கடைப்பைத்தான் பிற்பாடு ரசிகர்கள் துயரம் என்றார்கள். கிடார் வாசித்தவன் என் தங்கையின் கணவன், மாப்பிள்ளை. பாஸ் வாசித்தவனைத் தூக்கம் என்போம், அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எனக்கு வைத்த பெயர் கடிகாரம். தாளத்தில் நான் ஒன்று முந்துவேன், இல்லையென்றால் பிந்துவேன், அதற்காகக் கேலியாக வைத்தது. ஆல்பம் விற்ற பிறகு ரசிகர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஏன் திருத்தப்போகிறேன்?

விற்ற மூன்றாவது ஆல்பம் ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’. எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவில் தொங்கிய பலகையில் இருந்த வாசகம் அது. அதில் ஐந்தாவது பாட்டு ‘அரை மாடி’. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் பாடுகிற பாட்டு. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் டிரம் ஒரே ஒரு தட்டு நின்றுவிடும். ‘டிக்’ என்று விளிம்பில் ஒரு சின்ன சத்தம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு எல்லாம் சேர்ந்து இடிந்து விழுவது போல மறுபடி ஆரம்பிக்கும். ரசிகர்கள் அதை ‘அந்த இடம்’ என்பார்கள். கச்சேரிகளில் அந்த இடம் வரும்போது ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். லிஃப்ட் நிற்பதைத்தான் அப்படிக் காட்டினேன் என்று நான் பேட்டி கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, இருபது வருஷமாகக் கொடுத்திருக்கிறேன்.

எப்படி நடந்தது என்று கேட்டால், மூன்று நாள் ஸ்டுடியோவில் வாசித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குக் காய்ச்சல் என்று அவர்களாகவே முடிவுசெய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குக் காய்ச்சலே இல்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தது மாப்பிள்ளை. மறுநாள் கூலிக்கு வாசிக்கும் ஒரு பெண்மணியைக் கூப்பிட்டு, ஒரே நாளில் பதினொரு பாட்டையும் வாசிக்கவைத்துவிட்டார்கள் என்று பிற்பாடு ஸ்டுடியோப் பையன் ஒருவன் என்னிடம் உளறினான். ‘அரை மாடி’யின் ஆரம்பத்தில் குச்சியோடு குச்சி மோதி நான்கு தட்டு தட்டி மற்றவர்களைக் கிளப்பிவிட வேண்டும் இல்லையா, அது மட்டும் என்னுடையதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாவம் பார்த்தார்களோ, அழிக்க மறந்தார்களோ, தெரியாது.

சி.டி. வந்த அன்று தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தட்டில் சோறு விழுந்த நேரம் பாட்டைப் போட்டார்கள். பத்து விநாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தன் நடை எதுவென்று ஒருவனுக்குத் தெரியாதா? நான் அந்த மாதிரி நடந்ததே இல்லை. கையில் கரண்டியோடு தங்கை என்னைப் பார்த்தாள், சளி மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான், மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்பைப் பார்த்தான். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. கடைசியில், “நல்லா வந்திருக்குல்ல?” என்றேன்.

எல்லோருக்கும் போன உயிர் வந்தது. “உன் கை பிரமாதம் மச்சான்” என்றான் மாப்பிள்ளை. இந்த மடையனுக்குத் தன் வாசிப்பே அடையாளம் தெரியவில்லை என்று அன்று அவர்கள் முடிவுகட்டினார்கள். அந்த முடிவை நான் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். இரண்டு மாதம் அறையைப் பூட்டிக்கொண்டு அந்தப் பெண்மணியின் ஒவ்வொரு தட்டையும் படித்தேன். அந்த ‘டிக்’ வருவதற்கு மட்டும் ஒரு மாதம் ஆயிற்று.

நான்காவது ஆல்பத்தில், “இந்தத் தடவையும் எல்லாம் நானே வாசிக்கிறேன்” என்றேன். எதிர்த்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டுமே. வாசித்தேன். முந்தையதில் இருபதில் ஒரு பங்குகூட விற்கவில்லை. ஐந்தாவது, கச்சேரிப் பதிவு. அதையும் வாங்க ஆளில்லை. அதோடு கடையைக் கட்டினோம்.

இப்போது இசைக் கம்பெனிக்காரர்கள் ஐந்தையும் சேர்த்து ‘மொத்தமும்’ என்று ஒரு பெட்டி போடுகிறார்கள். கூடவே ஒரு புத்தகம், எந்தப் பாட்டில் யார் என்ன வாசித்தார்கள் என்ற விவரத்தோடு. அதைத் தொகுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், கழுத்தில் எப்போதும் ஹெட்போன். போன மாதம் என்னைக் கூப்பிட்டாள். கண்ணாடி அறை, குளிர்சாதனம், மேசைமேல் பழைய டேப் பெட்டிகள். ஒன்றின் மேல் ஒட்டியிருந்த மஞ்சளேறிய தாளை என் பக்கம் திருப்பினாள்.

“சார், மூணாவது ஆல்பத்தோட பதிவுத் தாள் இது. பதினொரு பாட்டுக்கும் டிரம்னு வேற ஒருத்தங்க பேரு இருக்கு.”

பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர் பதினொரு தடவை. ஐந்தாவது பாட்டுக்கு நேரே மட்டும், பொடி எழுத்தில், ‘குச்சித் தட்டல் நாலு: கடிகாரம்’.

“ஸ்டுடியோக்காரர் தப்பா எழுதியிருப்பாரும்மா” என்றேன்.

“இருக்கலாம் சார். ஆனா தாள்ல இருக்கிறதைத்தான் நாங்க அச்சடிக்கணும். அந்தம்மா ‘நான் வாசிக்கல’ன்னு எழுதிக் குடுத்தா உங்க பேரு போடலாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது.” கொஞ்சம் தயங்கினாள். “எங்கப்பா உங்க ரசிகர் சார். அந்த இடத்தை மேசையில தட்டிக்கிட்டே இருப்பாரு.”

வெளியே வந்து மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். அவனுக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது.

“மச்சான், உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...”

“எனக்குத் தெரியும் மாப்ள. அன்னிக்கே தெரியும்.”

அழப்போகிறான், மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

“தெரிஞ்சுமா நாலாவது ஆல்பத்துல வாசிச்ச?” என்றான். “அடப்பாவி! நாங்கதான் உன் மனசு நோகக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தோம். உனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுபடியும் அந்தம்மாவையே கூப்பிட்டிருப்போமே!”

நான் போனை வைத்துவிட்டேன்.

எனக்கு மிச்சமிருப்பது ஒரு டிரம் வகுப்பு. நானும் என் மகளும் நடத்துகிறோம். வருகிறவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள்: ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி அதிகாரி, ஓட்டுநர் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண், இப்படிப் பதினோரு பேர். சின்ன வயதில் ‘அரை மாடி’யைக் கேட்டவர்கள். வாசலில் என் படம், கீழே ‘அந்த இடத்தை வாசித்தவர்’ என்று கொட்டை எழுத்தில். எழுதியது மகள். இரண்டு வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள், வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து உட்கார்ந்தவள். அவள் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பாள். எனக்குப் பயம் அது ஒன்றுதான். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பெண்மணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டிரம்மை விட்டுப் பல வருஷம் ஆகிறது, ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். வியாழக்கிழமை காலை போனேன். கடை முழுக்க உருளை உருளையாகத் துணி. ஒரு ஆள் ஏணியில் ஏறி நின்று கம்பியில் வளையம் கோத்துக்கொண்டிருந்தான். அவர் நீண்ட மேசைக்குப் பின்னால் நின்று அளவுநாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு சாம்பல் நிறத் துணி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மணிக்கட்டு மட்டும் வயசாகாமல் இருந்தது. கத்தரி ஒரே சீராக ஓடியது, ஓர் இடத்தில்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

“சொல்லுங்க தம்பி. எத்தனை ஜன்னல்?”

விஷயத்தைச் சொன்னேன். ஈரச்சுவர் என்றேன்.

“ஈரச்சுவரா? பெயின்ட் விளம்பரமா அது? ரெண்டு மூணு வாசிச்சிருக்கேன்.”

“பேண்டும்மா. ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’. லட்சக்கணக்குல வித்துச்சு. நீங்கதான் வாசிச்சீங்க.”

“அப்படியா? தினம் ஒரு ஸ்டுடியோ தம்பி அப்ப. யாருக்கு ஞாபகம்?”

இதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. இருபது வருஷம், எங்கோ ஒருத்தி என் புகழைப் பார்த்து மனசுக்குள் பொருமிக்கொண்டிருக்கிறாள் என்றே வாழ்ந்திருக்கிறேன். கச்சேரியில் கைதட்டல் கேட்கும்போதெல்லாம் அவர் கூட்டத்தில் நிற்கிறாரோ என்று கண்கள் தேடும். அவர் என்னடாவென்றால் பெயின்ட் விளம்பரமா என்கிறார்.

போனில் பாட்டைப் போட்டு இயர்போனைக் கொடுத்தேன். கத்தரியைக் கீழே வைக்காமலே ஒரு காதில் செருகிக்கொண்டார். தலை கொஞ்சம்கூட அசையவில்லை. அந்த இடம் வந்தது. முகத்தைச் சுளித்தார்.

“ஐயையோ” என்றார். “திருப்பிப் போடுங்க.”

போட்டேன்.

“குச்சி நழுவியிருக்கு தம்பி. கேக்குதா? விளிம்புல பட்டு ‘டிக்’குங்குது பாருங்க. பிடிக்கப் போயி ஒரு தட்டு விட்டுட்டேன். அந்தப் பதட்டத்துல அடுத்ததை ஓங்கி அடிச்சிருக்கேன். சே! அன்னிக்கு எத்தனை பாட்டு?”

“பதினொண்ணு.”

“ஒரே நாள்லயா? அப்ப கை வேர்த்திருக்கும். மறுபடி வாசிக்கிறேன்னு சொல்லியிருப்பேன், நேரமாச்சுன்னு விட்டிருப்பாங்க.” இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “இது மட்டுமில்ல, பாட்டு முழுக்கவே அவசரம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காக வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அது லிஃப்ட் நிக்கிற இடம். அதைக் கேக்கிறதுக்குன்னே ஜனங்க வந்தாங்க. அதைப் பத்திக் கட்டுரை எழுதியிருக்காங்க. எவ்வளவு பெரிய வாசிப்பு தெரியுமா அது?”

அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க தம்பி?”

“டிரம் வாசிக்கிறேன்.”

“டிரம் வாசிச்சுமா இது உங்களுக்கு நல்லாருக்கு?”

ஏணிமேல் இருந்த ஆள் சிரித்தான். பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கெஞ்ச வேண்டியிருக்கும், காலில் விழ வேண்டியிருக்கும் என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. ‘இந்த ஆல்பத்தில் நான் வாசிக்கவில்லை. பதிவுத் தாளில் உள்ளவை தவறு’ என்று எழுதியிருந்ததை ஒருதரம் படித்தார். மூன்று விநாடியில் கையெழுத்துப் போட்டார்.

“உங்க பேரையே போட்டுக்குங்க. நல்லதாப் போச்சு. என் பேருல இது வெளிய போச்சுன்னா எனக்குக் கேவலம்” என்று சொல்லிவிட்டுத் துணியைப் புரட்டினார். “ஜன்னல் எதுவும் இல்லையே?”

“இல்ல” என்றேன்.

அங்கிருந்து நேரே கம்பெனிக்குப் போனேன். தொகுக்கிற பெண் கடிதத்தைப் படித்தாள். முகம் மலர்ந்தது, அவள் அப்பாவை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. “அப்ப இந்தத் தாளே செல்லாது சார். இதுல இருக்கிறது எதையும் நான் எடுத்துக்கல” என்று அதைச் சுருட்டித் தனியாக வைத்தாள். பிறகு வேறு ஒரு பட்டியலை நீட்டினாள். “பழைய டேப்பைச் சுத்தம் பண்றோம் சார். கரகர சத்தம், நாற்காலி கிறீச், பாட்டுக்கு முன்னாடி வர்ற சத்தம், இதெல்லாம் எடுத்துடலாமா? பேண்டுல ஒருத்தர் கையெழுத்து வேணும். ஒருதரம் கேட்டுடுறீங்களா?”

“கேக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? எல்லாத்தையும் எடுத்துடுங்க” என்று கையெழுத்தைப் போட்டேன். அப்போது எனக்கு என் பெயர்தான் முக்கியமாக இருந்தது.

சாயங்கால வகுப்புக்குத் திரும்பியபோது மகள் பதினோரு பேரையும் அந்த இடத்தில் நிறுத்திவைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தாள். பல் டாக்டருக்கு ‘டிக்’ வரவே இல்லை.

“அப்பா, ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்களேன்.”

உட்கார்ந்தேன். நெஞ்சில் அந்தக் கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது. வாசித்தேன். அந்த இடம் வந்தபோது நிற்கவில்லை. அந்த அம்மாள் அன்று வாசிக்க நினைத்தது எதுவோ அதை வாசித்தேன். தட்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வாழ்நாளில் முதல்முறையாகத் தாளம் என் கையில் முந்தாமல் பிந்தாமல் நின்றது. எனக்கே கண் கலங்கியது.

பிறகு பல் டாக்டர் மெதுவாகச் சிரித்தார்.

“சாரே விட்டுட்டார்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி! மகள் என் தோளில் கை வைத்தாள். “அப்பாவுக்கு இன்னிக்கு ரொம்ப அலைச்சல். அந்த இடத்தை மறந்துட்டாரு” என்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, “என்னப்பா ஆச்சு? ஒரு தட்டு அதிகமா விழுந்துடுச்சு பாருங்க” என்றாள்.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். மறுபடி வாசித்து, அந்த இடத்தில் குச்சியை நழுவவிட்டேன். கைதட்டினார்கள்.

நேற்றுப் பெட்டி வந்தது. மகள் புத்தகத்தைப் பிரித்து, மூன்றாவது ஆல்பத்தின் பக்கத்தை விரலால் தடவி, பதினொரு தடவை அச்சான என் பெயரைச் சத்தமாகப் படித்தாள். வகுப்பில் எல்லோரும் குச்சியோடு தயாராக இருந்தார்கள். ‘அரை மாடி’யைப் போட்டாள். நான்கு தட்டலுக்காகப் பதினோரு பேரும் காத்திருந்தார்கள். தட்டல் வரவில்லை. திடீரென்று நடுவீட்டில் இடி விழுந்த மாதிரி அந்த அம்மாளின் வாசிப்பு ஆரம்பித்துவிட்டது, ஒருவராலும் சேர்ந்துகொள்ள முடியவில்லை. வங்கி அதிகாரியின் குச்சி கீழே விழுந்தது. சிரிப்பு.

மகள் பாட்டை நிறுத்தி, திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்தாள்.

“முன்னாடி வர்ற டக்டக் சத்தத்தை எடுத்துட்டாங்கப்பா” என்றாள். “பரவால்ல, அது போனா போகுது. நீங்க வாசிச்சதெல்லாம் அப்படியே இருக்கு.”